இரண்டு முறை கல்யாணம் செய்தவர்கள்

கோதுமை வயல், நீண்ட பாவாடை, நாடா கட்டிய தொப்பி, தொலைவில் பலகையால் கட்டிய ஒரு சிற்றாலயம். கிறிஸ்தவ வரலாற்றுக் காதல் நாவல்களின் அட்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் குனிந்து தேடினால் இவை கிடைக்கும். ஆலயத்து விற்பனை நாள்களில் கேக்குக்கும் ஊறுகாய்க்கும் பக்கத்து மேசையில் கிடைக்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்குத் தெரிந்த மாமிமாரும் அக்காமாரும் இவற்றுக்கு உறை போட்டு, உள் அட்டையில் பெயர் எழுதி, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கொடுத்து வாசிக்கிறார்கள். நானும் அவர்களிடம் வாங்கித்தான் வாசித்து வளர்ந்தேன், இன்றும் வாசிக்கிறேன். இந்த நூல்கள்மேல் எனக்கு உண்மையான அன்பு உண்டு. அந்த அன்பினால்தான் இதைச் சொல்ல வருகிறேன்: இதே வகைக் கதைக்கு வேண்டியதெல்லாம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நம்முடைய சபைகளின் வரலாற்றுக்குள் கிடக்கிறது. அதைத் தமிழில் எழுத வருகிறவர், அமெரிக்க நாவல் கதையை முடிக்கும் இடத்தில் தன் கதையை முடிக்கக் கூடாது.

இந்த வகையின் வேர் பழையது. போலந்து எழுத்தாளர் ஹென்றிக் சியென்கியேவிச் 1896இல் நூலாக வெளியிட்ட 'குவோ வாடிஸ்' நாவலில், நீரோ மன்னன் காலத்து ரோமாபுரியில், வினிசியஸ் என்ற உயர்குடிப் போர்வீரன் லிகியா என்ற கிறிஸ்தவப் பெண்மேல் ஆசைகொள்கிறான். அதிகாரத்தைக் காட்டி அவளை அடைந்துவிடலாம் என்று தொடங்குகிறவன், அவளைத் தேடித் தேடி, கடைசியில் அவள் வணங்குகிறவரிடம் போய்ச் சேருகிறான். இன்று நாம் கடைகளில் பார்க்கும் வடிவம் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது. கனடாவைச் சேர்ந்த ஜெனட் ஓக் 1979இல் வெளியிட்ட நாவல் அதற்கு வழி திறந்தது. மேற்கு நோக்கிப் போகும் பயணத்தில் கணவனை இழந்த இளம்பெண். மனைவியை இழந்து சிறு மகளோடு நிற்கும் குடியானவன். குளிர்காலத்தைத் தாண்டுவதற்காக இருவரும் செய்துகொள்ளும் ஒரு கல்யாணம். 1991இல் பிரான்சின் ரிவர்ஸ், வேதாகமத்தில் வேசியை மணந்த ஓசியா தீர்க்கதரிசியின் கதையை 1850களின் கலிபோர்னியாவுக்கு, தங்கம் தேடிப் போனவர்களின் நடுவே கொண்டுபோய் வைத்தார். அதன் பிறகு இந்தத் துறை பெரிய பதிப்பகங்களின் துறையாகிவிட்டது.

முதலில் கல்யாணம், பிறகு காதல். ஜெனட் ஓக்கின் கதை இங்கே ஏன் இவ்வளவு பிடித்துப்போயிற்று என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். எங்கள் மாமிமார் பலருடைய வாழ்க்கையே அதுதான். சாதகம் பார்க்காவிட்டாலும் குடும்பம் பார்த்து, சபை பார்த்து, படிப்புப் பார்த்துப் பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். ஆலயத்தில் பக்கத்தில் நின்றவரின் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சம். அவர் நல்லவரா என்பது பல மாதம் கழித்து, ஒரு காய்ச்சல் நாளில், அவர் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. கனடாப் பெண் எழுதிய கதையில் தங்கள் முதல் வருடத்தைக் கண்டுகொண்டவர்கள் அவர்கள். வெறும் கற்பனைச் சுகம் என்று இந்த நூல்களை ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொறுமையை, அடக்கத்தை, ஒரே வீட்டில் இருந்துகொண்டே மெல்ல நெருங்குவதை, இரவில் சொல்லப்படும் ஜெபத்தில் மற்றவரின் பெயர் முதன்முதலாக வருவதை இவ்வளவு அக்கறையோடு எழுதுகிற வேறு வகை நாவல் எனக்குத் தெரியவில்லை. உடலைப் பற்றி இவை அதிகம் பேசுவதில்லை. அதனால் விருப்பம் குறைந்துபோவதில்லை. கையில் கை படுவதற்கு இருநூறு பக்கம் காத்திருந்தவருக்கு அந்தத் தொடுகையின் பெறுமதி தெரியும்.

ஆனாலும் ஒரு குறை எனக்கு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வருகிறது.

அமெரிக்க மேற்கின் வயல்வெளிகளில் நடக்கும் இந்தப் புல்வெளி நாவல்களில் நம்பிக்கை இல்லாத நாயகன் என்றால் யார்? சிறு வயதில் தாயையோ தம்பியையோ இழந்து கடவுளோடு கோபித்துக்கொண்டவன். அவனைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே வேதத்தை அறிந்தவர்கள். அவன் முழந்தாளிடுகிற நாளில் அயலவர் மகிழ்கிறார்கள், போதகர் மகிழ்கிறார், அவள் மகிழ்கிறாள். இழந்தது எதுவுமில்லை, எல்லாம் கூடிவருகிறது. ஆகவே மனமாற்றம் கதையின் உச்சமாகவும் முடிவாகவும் இருப்பது அங்கே பொருந்துகிறது.

இங்கே ஒருவர் முழந்தாளிட்டபோது ஒரு வீடே எழுந்து நின்றது. தாய் பேச்சை நிறுத்தினாள். தாய்மாமன் படலையைச் சாத்தினான். கொள்ளி வைக்க யார் என்ற கேள்வி தகப்பனுக்கு வந்தது. தீட்டு, திவசம், குலதெய்வப் பொங்கல், காணி, தங்கைக்கு வரவிருந்த சம்பந்தம் என்று எல்லாவற்றிலும் அந்த ஒரு ஞானஸ்நானத்தின் தண்ணீர் போய் நின்றது. தமிழ்க் கிறிஸ்தவக் கதையில் மனமாற்றம் நடுப்பகுதியில் வரவேண்டியது. அதன் பிறகுதான் கதையின் பாரமான பாதி தொடங்குகிறது. அதனால்தான் புல்வெளிகளைவிட நீரோவின் ரோமாபுரி நமக்குக் கிட்ட இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே விசுவாசத்துக்கு விலை உண்டு.

கொழும்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1656இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) போர்த்துக்கேயரிடமிருந்து இந்த நகரைக் கைப்பற்றினார்கள். 1658இல் கத்தோலிக்கக் குருவுக்கு இடம்கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றம் என்று கட்டளை போட்டார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கரானவர்கள், பரதரும் செட்டிகளும் கரையோரத்து மீனவரும், ஒரே தலைமுறைக்குள் குருவற்றவர்கள் ஆனார்கள். ஒல்லாந்தக் கம்பனியின் ஆட்சியில் பள்ளிக்கூடமும் சபையும் பதிவகமும் ஏறக்குறைய ஒன்றாகவே இயங்கின. பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம், வளர்ந்தவர்களுக்குக் கல்யாணம் எல்லாம் தோம்பு எனப்பட்ட ஏடுகளில் பதியப்பட்டன. அந்த ஏட்டில் பெயர் இல்லாத கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் ஆகாது. அதில் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமையில் சிக்கல் வரும். ஏட்டில் ஏறுவதற்கு மணமக்கள் கர்த்தருடைய ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் உபாத்தியாயர் முன்னால் சொல்லிக்காட்ட வேண்டும்.

இனி, உள்ளுக்குள் கத்தோலிக்கராகவே இருந்த ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளின் பேரில் காணி நிற்க வேண்டும் என்பதற்காக அவர்கள் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து சபையான சீர்திருத்த சபையின் பள்ளிக்கூடத்துக்குப் போய், பாடம் ஒப்புவித்து, ஏட்டில் பெயர் பதிகிறார்கள். ஊரார் முன்னால் கணவன் மனைவி ஆகிவிட்டார்கள். ஆனால் குரு ஒருவர் வந்து ஆசீர்வதிக்கும்வரை தங்கள் மனச்சாட்சியின் முன்னால் அவர்கள் இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள். குரு எப்போது வருவார்? யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் வரலாம். அடுத்த வருடம் மழைக்குப் பிறகு வரலாம். வழியில் பிடிபட்டும் போகலாம். ஒல்லாந்த உபாத்தியாயரிடம் ஒரு முறை, இரவில் கொட்டில் ஒன்றுக்குள் மறைந்து வந்த குருவிடம் இன்னொரு முறை என்று பிள்ளைகளின் ஞானஸ்நானமும் கல்யாணமும் இரட்டித்துப்போன காலம் அது.

ஒரே கூரையின்கீழ், சட்டப்படி மணமானவர்களாக, ஒருவரையொருவர் விரும்புகிறவர்களாக, இன்னும் வராத ஒரு மனிதனுக்காகக் காத்திருக்கும் இருவர். இதைவிடச் சிறந்த ஒரு காதல் நாவலின் கருவை எந்தப் புல்வெளியில் தேடிப் பிடிப்பது? ஒப்பந்தக் கல்யாணக் கதைகளில் ஆசிரியர்கள் எவ்வளவோ சிரமப்பட்டுக் காரணம் உண்டாக்கி இருவரையும் விலக்கி வைக்கிறார்கள். இங்கே வரலாறே அந்த விலக்கத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. அவன் திண்ணையில் படுக்கிறான். அவள் உள்ளே செபமாலையைப் பானைக்குள் அரிசியின் அடியில் ஒளித்து வைக்கிறாள். மாமியாருக்கு விஷயம் தெரியும், அயல்வீட்டுக்குத் தெரியாது. "இன்னும் பிள்ளை இல்லையா?" என்று கிணற்றடியில் கேட்கிறார்கள். கேட்பவர்களில் யார் கம்பனிக்குச் செய்தி சொல்பவர் என்பது அவளுக்குத் தெரியாது.

மறைந்து வந்த குருமாரும் கற்பனை அல்லர். கோவாவில் 1651இல் பிறந்த யோசப் வாஸ், 1687இல் கூலியாள் கோலத்தில் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைத் தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் தன் மக்களை அவர் கண்டுபிடித்தார். யாழ்ப்பாணத்தில் சில்லாலை அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறையில் இருந்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததைக் கொழும்பில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தின் தொடக்கத்தைப் பற்றியும் இதேபோல ஒரு மரபுக் கதை உண்டு: ஒல்லாந்தர் காலத்தில் வணிகர் வேடத்தில் மறைந்து திரிந்த அந்தோனியோ என்ற குரு, மீனவர்களின் கரையைக் கடல் அரித்தபோது சிலுவை நட்டு ஜெபித்தார் என்பது அது. செபமாலையைக் கண்டு ஒரு பெண்ணின் முகம் மாறிய கணத்தை நினைத்துப் பார்க்கிறேன். பிச்சைக்காரனுக்கு அரிசி போட வந்த கை நடுவில் நின்றுவிடுகிறது. அங்கே நாவல் தொடங்கலாம்.

இப்படி எழுதும்போது ஒல்லாந்தரை வெறும் கொடியவர்களாகக் காட்டுவது சுலபம். அதைச் செய்யக் கூடாது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். 1749இல் தொடங்கி 1757இல் அர்ப்பணிக்கப்பட்ட, கொழும்பில் ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் ஆலயத்துக்குள், சிலுவை வடிவில் கட்டிய அந்தத் தடித்த சுவர்களுக்கு நடுவே, தரையில் பதித்த கல்லறைக் கற்களைப் பார்த்தபடி நடந்தவர்களுக்குத் தெரியும்: அவர்களும் இங்கே பிள்ளைகளைப் புதைத்தவர்கள். அதே சபைக்குள்தான் தமிழர் ஒருவர், பிலிப் த மெல்லோ, போதகராகி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். அது 1759இல் கொழும்பில் அச்சானது. சீர்திருத்த சபையின் விசுவாசத்தை மனமாரப் பிடித்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. நான் எழுத நினைக்கும் நாவலில் அந்த உபாத்தியாயரும் அப்படி ஒருவராக இருப்பார். அந்த இருவர் ஒப்புவித்த பாடத்தில் உதடு மட்டும் அசைந்ததை அவர் கண்டுகொள்வார். கண்டும் ஏட்டில் எழுதுவார். ஏன் எழுதினார் என்று அவருடைய மனைவி கேட்பாள். அந்தக் கணவன் மனைவியின் உரையாடலை எழுத எனக்கு மிகுந்த ஆசை. 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1806இல் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பகலில் கல்யாணம் செய்தார்கள்.

யாழ்ப்பாணத்துக் கதை வேறு மாதிரி. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை. இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த கல்யாணங்கள் ஏராளம். படித்த பையனுக்குப் படித்த பெண் வேண்டும், இருவரும் ஒரே விசுவாசத்தில் நிற்க வேண்டும் என்பது மிஷனின் விருப்பம். விடுதியில் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு, அவர்களின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கக் கொடையாளர்களின் பெயரையே சூட்டினார்கள். வீட்டில் வள்ளியம்மை, விடுதியில் கடலுக்கு அப்பால் முகம் தெரியாத ஒரு சீமாட்டியின் பெயர். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் வழியில், எந்த ஒழுங்கையின் முடக்கில் அவள் ஒரு பெயரைக் கழற்றி மற்றதை அணிந்தாள்? தன்னை விரும்பியவன் எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள்?

சீதனத்தையும் விட்டுவிட்டு எழுத முடியாது. 1707இல் ஒல்லாந்தருக்காகக் கிளாஸ் இசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளைச் சொல்லும் தேசவழமைச் சட்டத்தில் முதுசம் (முன்னோர்வழிச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்து பிரிக்கப்பட்டிருக்கிறது. சீதனம் பெண்ணின் பேரில் வருவது. அதைப் பெற்றுப் போனவளுக்குப் பெற்றோரின் மற்றச் சொத்தில் பங்கு இல்லை. புல்வெளிக் கதைகளின் நாயகிக்குப் பெரும்பாலும் ஒரு பெட்டியும் ஒரு வேதாகமமும்தான் உண்டு. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு வயலும் பனங்காணியும் இருந்தன. சமயம் மாறினால் அவை என்ன ஆகும் என்பது அவளுடைய காதலுக்குள்ளேயே இருந்த கேள்வி.

என் அம்மம்மாவின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அவர் சைவக் குடும்பத்துப் பிள்ளை. வேதக்காரர் (கிறிஸ்தவர்) வீட்டுப் பையனை, ஆசிரியராக இருந்தவரை, விரும்பினார். ஞானஸ்நானம் பெற்றபின் ஆலயத்தில் கல்யாணம். என் பூட்டி, அம்மம்மாவின் தாய், ஆலயத்துக்கு வரவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முதல் வாரம் நொத்தாரிசைக் கூப்பிட்டு, மகளுக்கென்று வைத்திருந்த காணியை, ஒரு பரப்புக் குறையாமல், சீதன உறுதியாக எழுதிக் கொடுத்தார். கடைசிவரை மகளை ஞானஸ்நானப் பெயரால் அவர் கூப்பிட்டதில்லை. கல்யாணம் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு அம்மம்மா வீட்டுக்குப் போனபோது, தாலியைக் கையில் எடுத்துப் பார்த்தாராம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவத் தாலியில் புறா இருக்கும். பூட்டி புறாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. "எத்தனை பவுண்?" என்று மட்டும் கேட்டார். அம்மம்மா சொன்னார். "காணும்" என்றுவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டார்.

இந்தப் பெண்ணை எந்த நாவலில் வைப்பது? நமக்குப் பழக்கமான ஆங்கில நாவலின் சட்டத்துக்குள் அவளுக்கு இரண்டே இடங்கள் உண்டு. ஒன்று, கடைசி அத்தியாயத்தில் கண்ணீரோடு மனந்திரும்ப வேண்டும். இல்லையென்றால் கதையின் தடையாக நின்று தோற்க வேண்டும். பூட்டி இரண்டையும் செய்யவில்லை. சாகும்வரை நெற்றியில் திருநீற்றோடு இருந்தார். மகளைக் கைவிடவும் இல்லை.

நமக்கு வழி நம்முடைய பழைய இலக்கியத்திலேயே இருக்கிறது. அகப்பாடல்களில் தலைவி தலைவனோடு உடன்போக்காகப் போய்விடுகிறாள். காதல் வென்றது. ஆனால் கவிதை அவர்கள் பின்னால் மட்டும் ஓடவில்லை. வீட்டிலேயே நின்று நற்றாயையும் செவிலியையும் பேசவிடுகிறது. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார், மகள் போனபின் தாய் இரங்கும் பாட்டுகளைத் தனிப் பத்தாகவே வைத்திருக்கிறார். அந்தத் தாயை யாரும் தடை என்று சொல்வதில்லை. காதலைப் பாடுகிற மரபு, காதல் வெறுமையாக்கிப் போன வீட்டையும் சேர்த்துப் பாட வேண்டும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். தமிழில் எழுதப்படும் கிறிஸ்தவ வரலாற்றுக் காதல் நாவல் இந்த மரபின் பிள்ளையாகவே இருக்க முடியும். வேதாகமமும் இதற்கு எதிராகச் சொல்லவில்லை. விதவை மருமகள் ரூத், மாமி நகோமியோடு போனதை எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். மற்ற மருமகள் ஒர்பாள் அழுது, மாமியை முத்தமிட்டு, தன் ஜனத்திடம் திரும்பிப் போனாள். அந்தப் புத்தகத்தில் அவளைக் குறைகூறும் ஒரு வரிகூட இல்லை.

தமிழில் முன்னோடிகள் இல்லாமலும் இல்லை. 1891இல் திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். ஐரோப்பிய இடைக்காலக் கதை ஒன்றின் தழுவல் அது: பழிசுமத்தப்பட்ட அரசி, காட்டில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள், அவர்களில் ஒருவனை வளர்த்த கரடி. ஈழத்துத் தமிழ் நாவலின் முதல் வரிசையிலேயே கிறிஸ்தவர் ஒருவர் எழுதிய வீரக்காதல் கதை நிற்கிறது என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. 1914இல் மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' வந்தது. தலைப்பு 51ஆம் சங்கீதத்திலிருந்து. கணவன் வீட்டில் ஒரு பெண் படும் துன்பத்தை, கிறிஸ்தவக் குடும்பங்களின் உள்ளேயிருந்து, ஒரு பெண் எழுதினார். விசுவாசம் உள்ள வீடு என்பதாலேயே அங்கே அன்பு இருந்துவிடாது என்று நூறு வருடங்களுக்கு முன்பே துணிந்து சொன்னவர் அவர். இன்றைய காதல் நாவல்கள் பலவற்றுக்கு இல்லாத துணிவு அது.

இன்னொரு பெண்ணையும் இந்த வரிசையில் சேர்க்காமல் விட எனக்கு மனம் வராது. அவர் நம் தீவைச் சேர்ந்தவர் அல்லர். தஞ்சாவூரில் வாழ்ந்த மராத்தியப் பிராமண விதவை கிளாரிந்தா. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு அவர் வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் ஒருவரோடு வாழ்கிறார் என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்தபின், 1778இல், அதே சுவார்ட்ஸ் பாளையங்கோட்டையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா அங்கே கட்டிய ஆலயம் 1785இல் அர்ப்பணிக்கப்பட்டது. அ. மாதவையா 1915இல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். சபை ஒருமுறை மறுத்த ஒரு பெண், அந்தச் சபைக்கே ஆலயம் கட்டிக் கொடுத்தார். அவரும் லிட்டில்டனும் வாழ்ந்த வருடங்களைச் சுத்தம் செய்து, இருவரையும் தொடாத தெய்வீகக் காதலர்களாக மாற்றி எழுதினால் அது கிளாரிந்தாவுக்குச் செய்யும் அநீதி. சபைக்கு அவர்மேல் இருந்த தயக்கம், அவருக்குச் சபைமேல் இருந்த விடாப்பிடியான ஆசை, இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கக்கூடிய எழுத்து வேண்டும்.

சாதி. இதைப் பேசாமல் நம்முடைய வரலாற்றுக் காதலை எழுதுகிறவர் பொய் எழுதுகிறார். மிஷன் விடுதிகளில் யார் சமைத்ததை யார் உண்பது என்பது தொடக்கத்திலிருந்தே சிக்கலாக இருந்தது. ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் சம்பந்தம் பேசும்போது சபையைப் பற்றி ஒரு கேள்வியும், சபைக்குள் எந்தப் பகுதி என்று இன்னொரு கேள்வியும் கேட்டன. இன்றும் கொழும்பில் நல்ல விசுவாசக் குடும்பங்கள் கேட்பதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் பருகிய இருவர் ஒரே பந்தியில் உட்கார முடியாமல் போன காதல் இந்த மண்ணில் எத்தனையோ நடந்திருக்கும். அவர்களுக்குத் தடையாக நின்றது சைவ வீடு அல்ல. பக்கத்து வாங்கில் இருந்த வேதக்காரர் வீடு. அமெரிக்க நாவலில் இதற்கு முன்மாதிரி தேடிப் பயனில்லை. நாமே எழுதத்தான் வேண்டும். எழுதும்போது அந்தச் சபையை வெறுத்து எழுத என்னால் முடியாது, ஏனென்றால் எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்ததும் அதே சபைதான்.

சைவ ஆணும் வேதக்காரப் பெண்ணும் எதிரெதிராக நின்று விவாதிக்கும் காட்சிகளை எழுத நினைப்பவருக்கு ஆறுமுக நாவலரின் வாழ்க்கை உதவும். 1840களில் பீற்றர் பார்சிவல் பாதிரியாரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர், அதே காலத்தில் சைவத்தைக் காக்கப் பிரசங்கம் செய்யவும் எழுந்தார். வேதாகமத்தின் ஒவ்வொரு வசனத்தையும் அறிந்து, அதை மதித்துத் தமிழாக்க உதவி, அதை ஏற்காமலே போகக்கூடிய மனிதர் நம்மிடையே வாழ்ந்தார். ஆகவே நம் கதையின் சைவ நாயகனுக்கு அறியாமையைக் காரணமாகக் கொடுக்க முடியாது. அவனுக்கும் பாடத் தேவாரம் உண்டு, விட்டுப்போக மனமில்லாத கோயில் வீதி உண்டு. அவனை விரும்பும் பெண் இதையெல்லாம் அறிந்துதான் விரும்பியிருப்பாள்.

என்னுடைய ஆசை முதலில் அந்த ஒல்லாந்தர் காலத்துக் கொழும்புக் கதையை எழுதுவது. தோம்புகள் உட்பட ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்கள் பெருமளவில் கொழும்புத் தேசிய சுவடிகள் கூடத்தில் இருக்கின்றன. டச்சு மொழி தெரிந்தவர்கள் அவற்றுக்குள் புகுந்து நமக்கு வழிகாட்ட வேண்டும். ஏட்டில் இருப்பது பெயரும் திகதியும். இரவு நடந்த இரண்டாவது கல்யாணம் அதில் இராது. அதை நாவலாசிரியர்தான் எழுத முடியும்.

யாழ்ப்பாணத்துக் கதைகளுக்கு ஆவணக் கூடம் வரை போக வேண்டியதில்லை. ஆனால் தாமதிக்க முடியாது. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை வீடுகளில் எண்பதைத் தாண்டிய மாமிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மாரின் கல்யாணம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் அம்மா ஞானஸ்நானம் பெற்றபோது வீட்டில் யார் பேசாமல் விட்டார்கள்? சீதன உறுதி யார் பேரில் எழுதப்பட்டது? கூறைச்சேலை எந்த வீட்டிலிருந்து வந்தது? ஆலயத்துக்கு வராதவர்கள் யார், அவர்கள் பிறகு முதன்முதலாகப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது எந்தப் பிள்ளையைப் பார்க்க?